குளிப்பாட்டிய கைகளை யார் குளிப்பாட்டுவது?



செஞ்சிக்கு வருகிறவர்கள் முதலில் காண்பது மலைகளைத்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்துக்கொண்டு நிற்கும் கோட்டையைக் காண எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். 2025-ஆம் ஆண்டு இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றுவிட்டது. கோட்டைக்குள்ளே சாதத்துல்லா கான் பள்ளிவாசல் இருக்கிறது. 1714-இல் தேசிங்கு ராஜனோடு நடந்த போரில் வெற்றி பெற்ற ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், 1717-18-இல் கட்டிய பள்ளி அது. கட்டியவரின் பெயரையும் காலத்தையும் பாரசீகக் கல்வெட்டு இன்றைக்கும் சொல்லிக் கொண்டிருக்கிறது.

கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. அந்தப் பள்ளியை நாள்தோறும் கூட்டிப் பெருக்கியவர் யார்? தொழ வந்தவர்களுக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் சுமந்தவர் யார்? அவர்கள் பெயரை எந்தக் கல்லும் சொல்லவில்லை. உலகத்தின் வழக்கம் இதுதான்.

ஆனால், நம் அருமை நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம் வேறாக இருந்தது. மதீனாவின் பள்ளிவாசலைப் பெருக்கித் துப்புரவு செய்து வந்த ஒரு கறுப்பு நிறப் பெண்மணி. சில அறிவிப்புகளில் அவர் உம்மு மிஹ்ஜன் என்று குறிக்கப்படுகிறார். ஓர் இரவில் அவர் மவுத்தாகிவிட்டார். ஸஹாபாக்கள் இரவோடிரவாக அடக்கம் செய்துவிட்டார்கள். இதற்காக நாயகம் (ஸல்) அவர்களின் உறக்கத்தைக் கலைப்பதா என்று எண்ணினார்கள். அவருடைய காரியத்தைச் சிறியதாகக் கருதிவிட்டார்கள் என்றே ஹதீஸ் கூறுகிறது. நாயகம் (ஸல்) அவர்களோ அப்பெண்மணியைக் காணாமல் விசாரித்தார்கள். செய்தி தெரிந்ததும், எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று வினவினார்கள். அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்று, அவருக்காகத் தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹான நூல்களிலும் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

இந்த ஹதீஸை நான் மதரஸாவில் ஓதியிருக்கிறேன். மிம்பரில் நின்று எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். இதன் பொருள் என் நெஞ்சில் தைத்தது மட்டும் சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு மழைநாளில்தான்.

எங்கள் ஊர் நன்னிமா

செஞ்சிக்குச் சில மைல் தள்ளி ஒரு சிற்றூர். முஸ்லிம் வீடுகள் நாற்பதுக்கு மேல் இரா. அங்கே தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஒரு தாயை ஊரே 'நன்னிமா' என்றுதான் அழைத்தது. தம் தொண்டைப் பிறர் வாயால் கேட்கவும் கூசியவர் அவர். ஆகவே பெயரை இங்கே குறிக்காமல் விடுகிறேன்.

முப்பது வயதுக்குள் கணவரை இழந்தவர். கையில் மூன்று பிள்ளைகள். மண்டியில் மல்லாட்டை உடைத்தும், பருவத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போயும் பிள்ளைகளை ஆளாக்கினார். மாலையில் தெருப் பெண்பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து அலிபு, பே சொல்லிக் கொடுத்தார். ரமலான் வந்தால் பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி புடைத்துக் கொடுக்கும் முதல் கை அவருடையது. அக்கம்பக்கத்துத் தெருக்களில், எந்தச் சாதி எந்த மதத்து வீடானாலும், பிள்ளைப்பேறு என்று கேள்விப்பட்டால் வெந்நீர் வைக்கப் போய் நிற்பார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வேலையை அவர் ஐம்பதாண்டுகளுக்கு மேல் செய்து வந்தார். எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கபனிட்டு அனுப்பியவர் அவர்தாம். தம் மாமியாரிடம் கற்றுக்கொண்டது என்று சொல்வார். அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் கர்ப்பூரம், அத்தர், நூலும் ஊசியும், கைக்குச் சுற்றும் துணி, காய்ந்த இலந்தை இலை இவை எப்போதும் தயாராய் இருக்கும். மவுத்துச் செய்தி வந்தால், நள்ளிரவானாலும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பெட்டியோடு புறப்பட்டுவிடுவார். முன்பெல்லாம் வரப்பில் நடந்தும் மாட்டு வண்டியிலும் போனார். பிற்காலத்தில் ஆட்டோ வந்தது. கூலி என்று எவரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை.

அவர் பேணி வந்த ஒழுக்கம் ஒன்று உண்டு. மையித்தைக் குளிப்பாட்டியபோது கண்ட எதையும் அவர் வெளியே சொன்னதில்லை. ஒருமுறை ஒரு வீட்டில், இறந்த மருமகளின் உடம்பைப் பற்றி ஊர்ப்பெண்கள் துருவித் துருவிக் கேட்டார்களாம். "அல்லாஹ் மூடி வச்சதைத் திறக்க நான் யாரு?" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். மையித்தைக் குளிப்பாட்டி அதன் குறைகளை மறைத்தவருக்கு அல்லாஹ்வின் மன்னிப்பு உண்டு என்று ஹதீஸில் வந்திருப்பதை அவர் கிதாபில் படித்தவரல்லர். ஆனால் அதன்படி வாழ்ந்தவர்.

இப்படிப்பட்ட தாயை நாம் எப்படி நடத்தினோம்? சொல்ல நாக் கூசுகிறது. 'மையித்து அம்மா' என்று குழந்தைகளைப் பயம் காட்டினோம். நிக்காஹ் வீட்டுக்கு அவரை அழைக்க மறந்தோம். சிலர் மறக்கவுமில்லை, வேண்டுமென்றே விட்டார்கள். புதுப்பெண்ணை அலங்கரிக்கும் இடத்தில் அந்தக் கைகள் எதற்கு என்று பேசியவர்களும் இருந்தார்கள். மவுத்து வீட்டில் மட்டும் அவரை முதலாவதாகத் தேடினோம். இஸ்லாத்தில் இல்லாத இந்தச் சகுனப் புத்தி நம் வீடுகளில் எப்படி நுழைந்தது?

நான் சொன்ன 'இன்ஷா அல்லாஹ்'

நன்னிமா மவுத்தாவதற்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜும்ஆ நாளில், பள்ளிவாசல் வாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

"ஹஜ்ரத், எனக்குக் கை நடுங்குது. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களுக்காவது இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்ணுங்க. நீங்க சொன்னா வீட்டுல அனுப்புவாங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கறாங்க" என்றார்.

"இன்ஷா அல்லாஹ், செய்வோம் நன்னிமா" என்றேன்.

அதன் பின் இரண்டு முறை நினைவூட்டினார். இரண்டு முறையும் அதையே சொன்னேன். அல்லாஹ் நாடினால் செய்வேன் என்று உறுதி கூறுவதற்கு உரிய அந்தப் பரிசுத்தமான சொல்லை, செய்யப் போவதில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லும் சொல்லாக ஆக்கிக்கொண்டோமே, அந்தக் குற்றத்தில் நானும் ஒருவன். ஆண்களுக்குப் பள்ளிவாசலில் கபனிடும் முறையை நான் செய்தே காட்டியிருக்கிறேன். கொரோனா பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் தமிழகத்து முஸ்லிம் தொண்டர்கள் மத வேற்றுமை பாராமல் இறந்தோரை அடக்கம் செய்ததைப் பெருமையோடு மிம்பரில் பேசியிருக்கிறேன். பெண்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. நன்னிமா இருக்கிறாரே என்ற அலட்சியம்!

அந்த மழைநாளில் சுபுஹுக்குப் பின் செய்தி வந்தது. நன்னிமா மவுத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

வீடு நிறையப் பெண்கள். பிற தெருக்களிலிருந்தும் வந்து மழையில் நின்றார்கள். எல்லாரும் அழுதார்கள், யாஸீன் ஓதினார்கள். நேரம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வெந்நீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. குளிப்பாட்ட ஒருவரும் முன்வரவில்லை. திண்டிவனத்தில் ஓர் அம்மா இருப்பதாகக் கேட்டுப் போன் செய்தார்கள். அவர் வெளியூர் போயிருந்தார். முத்தவல்லி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஐம்பதாண்டுகளாக எத்தனையோ தாய்மார்களைக் குளிப்பாட்டி அனுப்பியவரைக் குளிப்பாட்ட அந்த ஊரில் இரண்டு கைகள் இல்லை!

லுஹருக்குச் சற்று முன், நர்ஸிங் படித்துக்கொண்டிருந்த பேத்தி கதவோரம் வந்து நின்றாள். "ஹஜ்ரத், நீங்க தட்டிக்கு அந்தப் பக்கம் நின்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. நான் செய்றேன்" என்றாள். அவள் பின்னாலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியின் குரல் கேட்டது. "இருபது வருஷமா நன்னிமாவுக்குத் தண்ணி மொண்டு ஊத்தினது நான்தான். மையித்து மேல கை வச்சதில்லை. பயம். இந்தப் பிள்ளை கை வைக்கிறதுன்னா நானும் வைக்கிறேன்."

நான் தென்னந்தட்டிக்கு வெளியே நின்றேன். எதைச் சொல்லத் தொடங்குவது? பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன், இதே போல ஒரு மையித்தைக் குளிப்பாட்ட நின்ற பெண்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதையே சொன்னேன். அதை நமக்கு அறிவித்துத் தந்தவரும் ஒரு தாய்தான். அவரைப் பற்றி நம் பெண்மக்கள் அவசியம் அறிய வேண்டும்.

உம்மு அத்திய்யா (ரலி)

மதீனாவின் அன்ஸாரிகளைச் சேர்ந்த பெண்மணி உம்மு அத்திய்யா (ரலி). இயற்பெயர் நுஸைபா. உஹதுப் போரில் புகழ் பெற்ற உம்மு உமாரா நுஸைபா (ரலி) வேறு, இவர் வேறு. நாயகம் (ஸல்) அவர்களோடு ஏழு போர்ப் பயணங்களில் சென்றவர். படைவீரர்களின் சாமான்களைக் காத்தார், உணவு சமைத்தார், காயம்பட்டோருக்கு மருந்திட்டார், நோயாளிகளைக் கவனித்தார். பெருநாள் தொழுகைத் திடலுக்குப் பெண்களும் வர வேண்டும், மேலாடை இல்லாதவளுக்குத் தோழி தன் ஆடையைக் கொடுத்து உதவ வேண்டும் என்ற நாயகக் கட்டளையை நமக்கு எட்டச் செய்தவரும் அவர்தாம்.

நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மகளார் ஸைனப் (ரலி) ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டில் வஃபாத்தானபோது, குளிப்பாட்டிய பெண்களில் இவர் இருந்தார். தந்தையாகிய நாயகம் (ஸல்) அவர்கள் வந்து முறையைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒற்றைப்படையாக மூன்று முறையோ ஐந்து முறையோ, தேவை என்று கண்டால் அதற்கு மேலுமோ குளிப்பாட்ட வேண்டும். இலந்தை இலை கலந்த நீரால் குளிப்பாட்ட வேண்டும். கடைசி முறை கர்ப்பூரம் சேர்க்க வேண்டும். வலப்புறத்தாலும் ஒளுவின் உறுப்புகளாலும் தொடங்க வேண்டும். முடித்ததும் தமக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபோது, தம் இடுப்பிலிருந்த வேட்டியைக் கழற்றிக் கொடுத்து, மகளின் உடலோடு ஒட்டியிருக்கும்படி அதைச் சுற்றச் சொன்னார்கள். தலைமுடியை மூன்றாகப் பின்னினோம் என்று உம்மு அத்திய்யா (ரலி) அறிவிக்கிறார்.

காலம் கடந்தது. முதுமையில் அவர் பஸராவுக்கு வந்தார். ஏன் வந்தார் தெரியுமா? அங்கிருந்த மகனைக் காண விரைந்து வந்தார். வந்து சேர்ந்தபோது மகனைக் காணக் கொடுத்து வைக்கவில்லை என்று புகாரியில் வருகிறது. அவருடைய மகன் ஒருவர் மவுத்தாகி மூன்றாம் நாள், நறுமணப் பூச்சை வரவழைத்துப் பூசிக்கொண்டார். கணவனுக்கன்றி வேறு எவருக்கும் மூன்று நாளைக்கு மேல் துக்கம் காப்பது எங்களுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்று கூறினார். பெற்ற வயிறு எரியாமலா இருந்திருக்கும்? மார்க்கத்தின் வரம்புக்குள் தம் துயரத்தை அடக்கிக்கொண்டார்.

அந்தப் பஸராவில்தான் அவர் மையித்தைக் குளிப்பாட்டும் முறையை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். முஹம்மது இப்னு ஸீரீன் (ரஹ்), அவர் சகோதரி ஹஃப்ஸா (ரஹ்) போன்ற தாபியீன்கள் அவரிடம் கேட்டு அறிந்தார்கள். ஸைனப் (ரலி) வஃபாத்தான ஆண்டில் இப்னு ஸீரீன் பிறக்கவே இல்லை. ஏறக்குறைய ஹிஜ்ரி 33-இல்தான் பிறந்தார். அப்படியானால் எத்தனை ஆண்டுகள் அந்த இல்மை அத்தாய் நெஞ்சில் வைத்துக் காத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்! இன்று பிக்ஹு நூல்களில் மையித்தைக் குளிப்பாட்டும் பாடத்திற்கு அடிப்படையாக நிற்பது அவருடைய அறிவிப்புத்தான்.

தெரிந்தவர் இருந்தால் போதாது, தெரிந்ததைக் கொடுக்கவும் வேண்டும். கொடுப்பவர் இருந்தாலும் போதாது, வாங்க ஆள் வேண்டும். உம்மு அத்திய்யா (ரலி) அவர்களைச் சூழ்ந்து நின்று பஸரா வாங்கிக்கொண்டது. எங்கள் நன்னிமா மூன்று ஆண்டுகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்குவதற்கு நாங்கள் போகவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

மையித்தைக் குளிப்பாட்டுவது, கபனிடுவது, தொழவைப்பது, அடக்கம் செய்வது ஆகிய நான்கும் பர்ளு கிபாயா. சிலர் செய்தால் அனைவர் மீதிருந்தும் கடமை நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் அறிந்திருந்த அனைவரும் குற்றவாளிகள். பெண் மையித்தைப் பெண்கள்தாம் குளிப்பாட்ட வேண்டும். ஆகவே ஒரு மஹல்லாவில் இதை அறிந்த பெண் ஒருவர்கூட இல்லாமல் போவது அந்த மஹல்லா முழுவதற்கும் ஆபத்து.

தாய்மார்களே! இது கடினமான கலையன்று. மறைவான இடம் வேண்டும். தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூடியிருக்க வேண்டும். கையில் துணி சுற்றிக்கொண்டு மெதுவாகச் சுத்தம் செய்து, ஒளுச் செய்வித்து, வலப்புறம் முதலாக நீர் ஊற்ற வேண்டும். உடல் முழுதும் ஒருமுறை தண்ணீர் படச் செய்வது கடமை. மூன்று முறை செய்வது சுன்னத். பெண்ணுக்குக் கபன் துணி ஐந்து. முடியை எப்படி விடுவது போன்ற சில நுணுக்கங்களில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிடையே வேறுபாடுண்டு. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உயிருள்ள குழந்தையைக் குளிப்பாட்டும்போது எப்படிக் கை பதமாக இருக்குமோ, அப்படி இருக்க வேண்டும். அந்தப் பதம் தாய்மார்களாகிய உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஜமாஅத்தாரே! ஒவ்வொரு மஹல்லாவிலும் குறைந்தது நான்கு பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் ஊரில் இந்தத் தொண்டைச் செய்யும் முதிய தாய் இன்னும் இருக்கிறாரா? அவர் இருக்கும்போதே உங்கள் மகளை, மருமகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். நிக்காஹ் வீட்டுக்கு முதல் அழைப்பை அவருக்குக் கொடுங்கள். அவர் மருந்துக்கு என்ன செய்கிறார், பெருநாளுக்குப் புதுச்சேலை வந்ததா என்று விசாரியுங்கள். மவுத்தான பின் புகழ்ந்து பேசுவதில் அவருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

மனிதன் இறந்த பின் அவனுடைய அமல்கள் முடிந்துவிடுகின்றன; நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றும் தொடரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். நன்னிமாவிடம் சொத்தில்லை. அவர் கல்வியை அவருக்குப் பின் பயன்படச் செய்வது எங்கள் கையில் இருந்தது. ஏறக்குறைய அதைத் தவறவிட்டோம்.

அன்று தட்டிக்குப் பின்னால் நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை அந்தப் பெண்பிள்ளையின் அழுகுரல் கேட்டு நின்றது. "சொல்லுங்க ஹஜ்ரத்" என்றாள். சொன்னேன். கபன் துணியைத் தேடித் தகரப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து துண்டுகளும் அளவாக வெட்டித் தயாராய் இருந்தன. தமக்கென்று அவர் வைத்திருந்தவை. எங்களுக்கு அந்த வேலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அஸருக்குப் பின் தொழவைத்து அடக்கம் செய்தோம். அடுத்த ஜும்ஆ கழிந்து, பள்ளிவாசலை அடுத்த ஒரு வீட்டில் பெண்களுக்கான முதல் வகுப்பு நடந்தது. ஏழு பேர் வந்தார்கள். நான் திரைக்கு வெளியே இருந்து பாடம் சொன்னேன். உள்ளே செய்து காட்டியவர் இருபது ஆண்டுகள் தண்ணீர் மொண்டு ஊற்றிய அந்தப் பெண்மணி. தகரப் பெட்டி இப்போது அவரிடம்தான் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் ஊர்களில் பெயர் தெரியாமல் உழைத்து மறைந்த தாய்மார்களின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! அவர்கள் கப்ருகளை ஒளியாக்குவாயாக! அவர்கள் பிறர் குறையை மூடியது போல் நீ அவர்கள் குறைகளை மூடுவாயாக! அவர்களைச் சிறியவர்களாகக் கருதிய எங்கள் குற்றத்தையும் மன்னிப்பாயாக! நாங்கள் சொல்லும் இன்ஷா அல்லாஹ்வை உண்மையாக்கும் தவ்ஃபீக்கை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்!